மலிவு எது?



தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் மோட்டார் சைக்கிள் பெல்டிங்கிற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஒருநாள் முக்கால் மணி நேரம் தாமதமாக வகுப்புக்கு வந்தான். காரணம் கேளாமல் எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து நின்றானே தவிர, ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் அவன் தாயார் மூலமாகத்தான் செய்தி தெரிந்தது. அவன் தந்தை கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்சுக்கு நாள்தோறும் ஸ்கூட்டரில் வேலைக்குச் சென்று வருபவர். முந்தைய இரவு கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் பெல்டிங் அறுந்துவிட்டது. இயந்திரம் அலறியது, சக்கரம் சுழலவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே அவர் வீடு சேர்ந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. மறுநாள் மகன் நடந்தே பள்ளிக்கு வந்திருக்கிறான்.

அறுந்த பெல்டிங், நான்கு மாதங்களுக்கு முன்புதான் மாற்றியதாம். கிடைத்தவற்றுள் மிக மலிவானது!

கணக்குப் பாடம்போல் இதைப் பார்ப்போம். போக வர நாளொன்றுக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 1,750 கிலோமீட்டர். ஸ்கூட்டர் பெல்டிங்கை 20,000 முதல் 25,000 கிலோமீட்டருக்குள் மாற்றுமாறு பல கையேடுகள் கூறுகின்றன. ஆக, நல்ல பெல்டிங் ஏறக்குறைய ஓராண்டாவது உழைக்க வேண்டும். மலிவானது பாதி விலை என்றே வைத்துக்கொள்வோம். நான்கு மாதத்திற்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு மூன்று. செலவு ஒன்றரை மடங்கு! இழந்த உறக்கமும் மகனின் கண்ணீரும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? முதலாவது, உதிரிப்பாக எண். ஹோண்டாவின் பெல்டிங் எண் 23100 என்று தொடங்கும். யமஹாவின் பல பெல்டிங் எண்களில் நடுவே 'ஈ7641' என்று இருக்கும். நம் வண்டிக்குரிய முழு எண்ணும் பொருந்த வேண்டும். "ஏறக்குறைய இதே அளவுதான்" என்பதை ஏற்க வேண்டாம். அகலம் சற்றே மாறினாலும் பெல்டிங் கப்பிகளுக்கு இடையே சரியாக அமராது. வழுக்கும், சூடேறும், விரைவில் தேயும்.

இரண்டாவது, தயாரிப்பாளர். அசல் கிடைக்காவிட்டால், 1906இல் ஜப்பானின் கோபே நகரில் தொடங்கிய பாண்டோ, 1911இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தொடங்கிய கேட்ஸ் போன்ற, பெல்டிங் தயாரிக்கும் நிறுவனங்களின் பொருளை நம்பகமான கடையில் வாங்கலாம்.

மூன்றாவது, 'கெவ்லார்' என்ற அச்சைக் கண்டு மயங்க வேண்டாம். 1965இல் டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவாலெக் என்னும் பெண் அறிவியலாளர் கண்டறிந்த அந்த இழை வலிமையானதுதான். ஆனால் அச்சிட்டிருப்பதாலேயே உள்ளே இழை இருக்கும் என்று உறுதியில்லை.

புதியதைப் பூட்டும்போது ரோலர்களையும் கப்பிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய்க் கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எண்ணெய் பட்டால் எவ்வளவு நல்ல பெல்டிங்கும் நிலைக்காது.

"கையில் இருக்கும் பணத்திற்கு மலிவானதைத்தானே வாங்க முடியும்?" என்று ஒரு பெற்றோர் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் மாற்ற வேண்டிய காலம் முன்பே தெரிந்த செலவு இது. மாதம் சிறு தொகையை ஒதுக்கலாம். ஆண்டுத் தொடக்கத்தில் காலணிக்கும் புத்தகப் பைக்கும் ஒதுக்குவதுபோல், பிள்ளையைச் சுமந்துவரும் வண்டிக்கும் ஒதுக்குவது கல்விச் செலவே என்பது என் கருத்து.

ஆசிரியர்களுக்கும் ஒன்று. தாமதமாக வரும் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன் காரணம் கேளுங்கள். மறுநாள் அந்த மாணவனிடம், அதே வகுப்பின் முன்னிலையில், நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "அப்பா புது பெல்டிங் போட்டுட்டாரு, டீச்சர்" என்றான்.

சிந்திப்போம்.