சாணைக்காரருக்கு ஒரு மூலை

அடுக்குமாடியின் ஐந்தாவது தளத்துக்குச் சாணைக்காரர் குரல் எட்டுவதில்லை. எட்டினாலும், அவரை வாசலிலேயே காவலாளி மறித்துவிடுகிறார். சென்னையின் யானைக்கவுனி, தங்கசாலை, சவுகார்பேட்டைச் சந்துகளில் பழைய ஓட்டுவீடுகள் போய் மாடிகள் எழும்ப எழும்ப, "கத்தி சாணை பிடிக்கிறதேய்" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் ஆள் தெருவோடு வந்து தெருவோடு போய்விடுகிறார். மேலே, பரணில், பாட்டி காலத்து அருவாமனை துருவேறிக் கிடக்கிறது. வீடு மாற்றும் நாளில் அது காயலான் கடைக்குப் போய்ச் சேரும். அங்கே அதற்குப் பேரும் கிடையாது, வயசும் கிடையாது. எடை மட்டும்தான்.

தேய்ந்து தீர்ந்த இரும்பு எடைக்குப் போனால் யாரும் கவலைப்பட வேண்டாம். இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கக்கூடிய இரும்பு, தீட்டித் தர ஆள் அகப்படவில்லை என்பதற்காகப் போகிறது. வருத்தம் அதில்தான்.

பழைய அருவாமனையும் கட்டைப்பிடிக் கத்தியும் பெரும்பாலும் கரிமம் கூடிய உருக்கில் அடித்தவை. கழித்துப் போட்ட லாரி வில்பட்டையைக் கொல்லுப்பட்டறைகள் இன்றும் தேடி வாங்குவது இதனால்தான். அந்த உருக்கில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் கரிமம் உண்டு. பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் வைத்தால் கெட்டிப்படும், மெல்லிய கூர் நிற்கும். மழுங்கினாலும் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் பதம் திரும்பிவிடும். துருப்பிடிப்பதுதான் குறை.

அந்தக் குறைக்கு மாற்றாகத்தான் எவர்சில்வர் வந்தது. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த துருப்பிடிக்காத உருக்கை வார்த்தபோது, கத்திக்குப் பேர்போன அந்த ஊர்க்காரர்கள் அவரை 'வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர்' என்று கேலி செய்தார்கள். காலப்போக்கில் கேலி அடங்கியது. இன்று விலை கூடிய எவர்சில்வர் கத்திகள் நன்றாகவே வெட்டுகின்றன. ஆனால் நம் வீடுகளுக்குப் பாத்திரத்தோடு பாத்திரமாக வந்து சேரும் மெல்லிய தகட்டுக் கத்தி அந்த ரகம் இல்லை. ஆறு மாதத்தில் தக்காளித் தோலில் வழுக்கும், குப்பைக்குப் போகும், அடுத்தது வரும்.

வித்தியாசத்தைப் பார்க்கக் காசிமேட்டு மீன்சந்தைக்குப் போனால் போதும். வஞ்சிரத்தைத் துண்டு போடுகிறவர் முன்னால் இருப்பது கனத்த இரும்பு அருவாமனை. காலால் பலகையை அழுத்திக்கொண்டு மீனை அலகில் கொடுக்கிறார். முள் தடுக்கும் இடத்தில் மேலே கட்டையால் ஒரு தட்டு. உப்புத் தண்ணீரும் மீன் ரத்தமும் நாள் முழுக்கப் படும் அந்த அலகில் சிவப்புத் துருவைத் தேடினாலும் அகப்படாது. தினம் கழுவித் துடைத்துத் தீட்டுகிற இரும்பில் துரு உட்கார நேரம் ஏது?

பரணில் கிடப்பதை மீட்பதும் பெரிய வித்தையில்லை. அலகை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவிட்டால் துரு இளகும். மறுநாள் உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். விடாப்பிடியான இடத்துக்குப் புளிக்கரைசல் உண்டு. ஆனால் புளியில் மணிக்கணக்காகப் போட்டு வைத்தால் நல்ல இரும்பையும் அரித்துவிடும். கழுவி, அடுப்பு அனலில் ஈரம் போகக் காட்டி, எண்ணெய் தடவினால் பாதி வேலை முடிந்தது.

பளபளப்பாக்க ஆசைப்படுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நீக்க வேண்டியது சிவப்புத் துருவை. அலகில் படிந்திருக்கும் கருமையை விட்டுவிட வேண்டும். வாழைப்பூவின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய சூட்சுமமும் இதுவே. பல வருஷம் காய் நறுக்கி ஏறிய அந்தக் கறுப்பு, துருவைத் தள்ளி நிறுத்தும் மேல்தோல். அதைச் சுரண்டி எடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மிச்சப் பாதி, கூர் ஏற்றுவது. இதற்குத்தான் கைத்தேர்ச்சி தேவை. மோட்டார் கிரைண்டரில் அவசரமாக அழுத்தினால் விளிம்பு சுட்டு நீலம் பாரிக்கும். இரும்பு சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டதற்கு அடையாளம் அந்த நீலம். கொல்லர் வைத்த தோய்ச்சல் அந்த இடத்தில் செத்துவிடும், பிறகு எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. மிதித்துச் சுற்றும் சக்கரத்தில் வேகம் குறைவு. பழகிய சாணைக்காரர் விட்டு விட்டுப் பிடிப்பார், தண்ணீர் தொட்டுக்கொள்வார், விரலால் சூடு பார்ப்பார்.

அவர் சுற்றும் சக்கரத்துக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் காலச் சாணை, குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் செய்தது. ஆங்கிலத்தின் 'கொரண்டம்' நம் குருந்தத்திலிருந்து போன சொல். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி குருந்தத்துக்குப் பேர் பெற்ற ஊர். 1891-ல் அமெரிக்காவின் எட்வர்டு ஆச்சிசன் மின் உலையில், குருந்தத்தைப் போலவே சாணைக்கு உதவும் ஒரு புதுப் பொருளைக் கண்டார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று தப்பாக நினைத்து 'கார்போரண்டம்' என்று பேர் வைத்தார். 1954-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்து, அமெரிக்க நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சலின் ஆலை திருவொற்றியூரில் இருக்கிறது. கடல் கடந்து போன குருந்தம், வேறு பேரோடு வடசென்னைக்கே வந்து சேர்ந்தது.

தேசத்தின் தொழிற்சாலைகளுக்குச் சாணைச் சக்கரம் அனுப்பும் இந்த வட்டாரத்தில், வீட்டுக் கத்தி தீட்டுகிறவர் சைக்கிளை நிறுத்த ஒரு நிழல் இல்லை.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், தெருவில் பொருள் விற்பவரோடு சேவை அளிப்பவரையும் தெரு வியாபாரி என்றே சொல்கிறது. ஓரிடத்தில் கடை போடாமல் சுற்றித் திரிபவருக்கும் அதில் இடம் உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது கணக்கெடுத்து, விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. நடைமுறையில், கணக்கெடுக்க வருகிறவர் கண்ணில் தள்ளுவண்டியும் நடைபாதைக் கடையும் படும். காலையில் ஒரு தெரு, மாலையில் ஒரு தெரு என்று போகிற சாணைக்காரர் எளிதில் விட்டுப்போவார். மாநகராட்சி அவரைத் தேடிப்போய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அருவாமனை முன்னால் குனிந்து உட்கார்ந்த காலத்துக்குத் திரும்பச் சொல்கிறீர்களா என்று பெண்கள் கேட்பது நியாயம். அந்த முதுகுவலி யாருக்கும் திரும்ப வேண்டாம். மேடையில் பொருத்தும் அருவாமனை உண்டு, நின்றபடி நறுக்கும் இரும்புக் கத்தியும் உண்டு. வாழைத்தண்டு கொஞ்சம் கறுக்கும், மோரில் போட்டால் சரியாகும். கழுவியதும் துடைக்க வேண்டும். கூடுதல் வேலை அவ்வளவுதான்.

மாநகராட்சியிடம் கேட்பதும் அதிகமில்லை. வார்டுக்கு ஓர் அங்காடியில் ஆறடிக்கு நாலடி இடம், பக்கத்தில் ஒரு குழாய், எந்தக் கிழமை, எத்தனை மணி என்று எழுதிய ஒரு பலகை. சாணைக்காரர் ஐந்தாவது மாடி ஏற வேண்டாம். பரணில் கிடப்பதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு எந்தத் தெருமுனைக்கு இறங்கி வருவது என்று மாடிக்காரருக்குத் தெரிந்தால் போதும்.