காத்திருப்பதும் வைத்தியமே

"உங்களுக்கு ரத்தப் புற்று. ஆனால் இப்போது மருந்து வேண்டாம். மூன்று மாதம் கழித்து வாருங்கள்." டாக்டர் இப்படிச் சொன்னால் ஒரு தொழிலாளி என்ன நினைப்பார்? "காசில்லாதவன் என்று கைவிட்டுவிட்டார்கள்" என்றுதான் நினைப்பார். கோட்டுச்சேரிமேட்டில் நடவுக்குப் போகிறவரானாலும், ஆலையில் இரவு ஷிப்டு பார்ப்பவரானாலும் முதலில் எழும் சந்தேகம் இதுவே. அந்தச் சந்தேகத்தை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். ஏழையை வாசலோடு திருப்பி அனுப்புவது நம் நாட்டில் புதிதல்ல. ஆனால் இந்த விஷயத்தில் உண்மை வேறு.

வெள்ளை அணுக்கள் மெள்ள மெள்ளப் பெருகும் ஒரு வகை ரத்தப் புற்று உண்டு. சி.எல்.எல். என்று டாக்டர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. இந்த வியாதியை நிலை நிலையாகப் பிரித்துப் பார்க்கும் முறையை 1975-ல் வெளியிட்டவர்களில் முதன்மையானவர் ஜோத்பூரில் பிறந்த டாக்டர் கான்டி ராய்.

1954 வரை நம் காரைக்காலை ஆண்ட பிரான்சு தேசத்தில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஆரம்ப நிலையிலிருந்த 609 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு உடனே மாத்திரை கொடுத்தார்கள். மறு பிரிவைக் கண்காணித்து மட்டும் வந்தார்கள். 1998-ல் முடிவு வெளியாயிற்று. முன்கூட்டியே மருந்து தின்றவர்களின் ஆயுள் கூடவில்லை. காத்திருந்தவர்களில் 49 சதவீதம் பேருக்கு 11 ஆண்டுகளுக்கு மேலாகியும் வியாதி முற்றவில்லை, மருந்தும் தேவைப்படவில்லை. பிற்காலத்தில் வந்த விலையுயர்ந்த மாத்திரை இப்ரூடினிப்பை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த ஜெர்மானிய ஆராய்ச்சியிலும் ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. ஆகவே, பாரிஸ் நகரத்துப் பணக்காரருக்கும் இந்த நிலையில் இதே பதில்தான்.

ஆயினும் பயம் பொய்யல்ல. அதே பிரெஞ்சு ஆராய்ச்சியில் 27 சதவீதம் பேர் இந்த வியாதி காரணமாகவே மாண்டார்கள். இதை மறைத்து ஆறுதல் சொல்வது நமக்கு அழகல்ல. அதனால்தான் தவணை தவறாமல் பரிசோதனைக்குப் போக வேண்டும் என்கிறோம். பயிருக்குத் தண்ணீர் போதுமானால் விவசாயி மடையைத் திறப்பதில்லை. ஆனால் வரப்பைச் சுற்றிப் பார்க்காமலும் இருப்பதில்லை.

செய்ய வேண்டியது என்ன? ஒரு நோட்டில் ஒவ்வொரு பரிசோதனையின் எண்ணிக்கையையும் தேதியையும் குறித்து வையுங்கள். ராத்திரியில் துணி நனைய வியர்த்தால், ஆறு மாதத்தில் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தால், கழுத்திலோ அக்குளிலோ கட்டி பெருத்தால், தாங்க முடியாத அசதி வந்தால் தவணை வரை பொறுக்க வேண்டாம். காய்ச்சல் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இந்த வியாதியில் எதிர்ப்புச் சக்தி குறைவு. எந்தத் தடுப்பூசி போடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். "ஒரே மாதத்தில் குணமாக்குகிறேன்" என்பவனிடம் தாலியை அடகு வைத்துக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

இன்னொன்று. வீட்டாரிடம் மறைத்து, ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்காதீர்கள். மனைவியிடம், மகனிடம், கூட வேலை செய்பவரிடம் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது ஒருவரைக் கூட்டிப் போங்கள். பயந்த காதில் பாதிதான் விழும். மனக்கலக்கம் தாங்காவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். சர்க்கார் நடத்தும் இலவச சேவை அது, தமிழிலேயே பேசலாம்.

ஆனால் காத்திருப்பதற்கும் செலவு உண்டு, தோழர்களே! பரிசோதனை நாளில் கூலி போகிறது. பஸ் சார்ஜு ஆகிறது. ஆயுஷ்மான் பாரத் அட்டை ஆஸ்பத்திரியில் சேர்ந்து படுத்தால்தான் செல்லும். வந்துபோகும் பரிசோதனைக்குச் செல்லாது. ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ.யாவது உண்டு, விவசாயத் தொழிலாளிக்கு அதுவும் இல்லை. ரத்த எண்ணிக்கை பார்ப்பது எளிய சோதனை. அதை ஊருக்குப் பக்கத்திலேயே இலவசமாகச் செய்து தரட்டும். அன்றையக் கூலியையும் ஈடு செய்யட்டும். கூலிக்குப் பயந்து ஒரு தவணையைத் தவறவிட்டால், டாக்டர் சொன்ன காத்திருப்பு வெறும் கைவிடலாகிவிடும். அதை நாம் அனுமதிக்கலாகாது.