கிளினிக் நாளுக்கும் பேர் வேண்டும்



பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லயமே ஓடி வருகிறது. மனநோய் என்றால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். டொக்டர் மாத்திரை கொடுத்தாலும், "சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று நாலு பேர் கேட்டதும் நிறுத்திவிடுகிறோம்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் புளூஒக்செட்டின் போன்ற மாத்திரை பலன் தரவே சில வாரம் பிடிக்கும். அந்த வாரங்களில் பிள்ளையைக் கவனமாகப் பார்க்க வேண்டும். பதற்றம் கூடினாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ உடனே டொக்டரிடம் காட்டுங்கள். நாமாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. அவசரத்துக்கு ஆலோசனை கேட்க தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் இருக்கிறது.

ஆனால், மருந்து விடுபட்டால் தாயை மட்டும் குறை சொல்வது நியாயமா? அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான். கிளினிக் போகிற நாளுக்குப் பேர் இல்லையே! பஸ் காசும் போய், நாள் சம்பளமும் போனால் அடுத்த மாதம் எப்படிப் போவாள்?

கிளினிக் கொப்பியைக் காட்டும் தாய் தகப்பனுக்கு அன்றைய பேர் போட வேண்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கட்டும். சம்பளப் பேச்சுவார்த்தையில் நமது சங்கமும் இதை முன்வைக்க வேண்டும்.