இன்னொரு க்ளைன் யார்?

ஆடையில்லாமல் ஒரு பெண் நிற்கிறாள். டாக்டர் அவள் தாடையைப் பிடித்துத் திருப்புகிறார், மூக்கை அளக்கிறார், நடந்து காட்டச் சொல்கிறார். எல்லாம் குறிப்பேட்டில் ஏறுகிறது. அவள் யூதப் பெண்ணா என்று கண்டறியும் ‘மருத்துவப் பரிசோதனை’ இது. கட்டணத்தையும் அவளே கட்ட வேண்டும்!

ஜோசப் லோசி இயக்கி 1976-இல் வெளிவந்த ‘மிஸ்டர் க்ளைன்’ இப்படித்தான் தொடங்குகிறது. ஆண்டு 1942, இடம் ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸ். தப்பியோடத் துடிக்கும் யூதர்களிடம் ஓவியங்களை அடிமாட்டு விலைக்கு வாங்குபவன் ராபர்ட் க்ளைன். நடித்தவர் அலென் தெலோன். ஒருநாள், யூதர்களுக்கான செய்தித்தாள் அவன் பெயரிட்டு வாசலில் கிடக்கிறது. அதே பெயரில் யூதன் ஒருவன் ஊரில் இருக்கிறான். க்ளைன் பதறிப்போய்த் தானே போலீஸிடம் சொல்கிறான். சொந்தச் செலவில் சூனியம்! அதுவரை யாரும் கண்டுகொள்ளாதவன்மீது அன்றிலிருந்து சந்தேகம் விழுகிறது.

அந்த இன்னொரு க்ளைனின் முகத்தைப் படம் கடைசிவரை காட்டுவதில்லை. மர்மப்படம் பார்க்க வந்தவர்களுக்கு இது ஏமாற்றம்தான். ஆனால், கதைக்கு நடுவே வரும் சில காட்சிகளைக் கவனிக்க வேண்டும். போலீஸ்காரர்கள் கோப்புகளை அடுக்குகிறார்கள், ஏதோ பெரிய வேலைக்குத் திட்டம் போடுகிறார்கள். என்ன வேலை என்று யாரும் சொல்வதில்லை. பார்வையாளர் துப்பறிய வேண்டியது இதைத்தான்.

விடை வரலாற்றில் இருக்கிறது: 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிஸிலும் சுற்றுப்புறங்களிலும் 13,000-க்கும் மேற்பட்ட யூதர்கள் கைதானார்கள். அவர்களில் 4,000-க்கும் அதிகமானோர் குழந்தைகள். குடும்பம் குடும்பமாகப் பலர் ‘வெலோட்ரோம் திவேர்’ என்ற உள்ளரங்க சைக்கிள் மைதானத்தில் அடைக்கப்பட்டார்கள். உத்தரவு ஜெர்மானியருடையது என்றாலும், வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியது பிரெஞ்சுப் போலீஸ். அதனால்தான் லோசியின் படத்தில் ஜெர்மன் சீருடைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. நாஜி அதிகாரியை வில்லனாக நிறுத்திவிட்டு மற்றவர்களைத் தப்பவிடும் போர்ப்படங்களைவிட இது நேர்மையானது.

பிரெஞ்சுப் போலீஸின் பங்கைத் திரையில் காட்டுவது பிரான்ஸில் அன்று லேசான காரியமாக இருக்கவில்லை. அலென் ரெனேயின் ‘இரவும் மூடுபனியும்’ ஆவணப்படத்துக்கு 1956-இல் தணிக்கைக் குழு தொல்லை கொடுத்தது. தடுப்பு முகாமைக் காவல் காக்கும் பிரெஞ்சுக்காரரின் தொப்பி ஒரு புகைப்படத்தில் தெரிந்ததுதான் காரணம். அந்தத் தொப்பியை மறைத்த பிறகே படம் வெளியானது. இருபது ஆண்டு கழித்து லோசி அந்தப் போலீஸையே திரை முழுக்க நிறுத்தினார். சிறந்த படத்துக்கான சீஸர் விருதும் கிடைத்தது. அரசுக்கு மட்டும் வாய் திறக்க இன்னும் காலம் பிடித்தது: அந்தக் கைதுகளில் பிரெஞ்சு அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று அதிபர் ஜாக் சிராக் ஒப்புக்கொண்டது 1995 ஜூலையில்.