கணக்குப் பேரேட்டின் சாவி யார் கையில்?

கல்லாப்பெட்டியில் இருக்கும் பணத்தைவிட ஒரு வணிகனுக்குப் பெரிய சொத்து அவனுடைய கணக்குப் பேரேடு. பணம் இன்று வரும், நாளை போகும். யாரிடம் எவ்வளவு நிலுவை, எந்த மண்டிக்கு எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு எந்த விலைக்குக் கொள்முதல் ஆனது என்பதையெல்லாம் பேரேடு ஒன்றுதான் சொல்லும். அதனால்தான் ஆயுத பூசையன்று தராசுக்கும் படிக்கல்லுக்கும் இடும் சந்தனம், குங்குமத்தைப் பேரேட்டுக்கும் இடுகிறோம்.

அந்தக் காகிதப் பேரேட்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதை நமக்கு விற்ற காகிதக் கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் போனாலும் பேரேடு திறக்கும். ஆண்டுச் சந்தா கட்டவில்லை என்பதற்காக அதிலுள்ள எழுத்து மறைந்துவிடாது. இன்று சிட்டையும் பேரேடும் கணிப்பொறிக்குள் போய்விட்டன. வேகமும் வசதியும் கூடியிருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் நம் கணக்கை நாமே, எவருடைய தயவும் இல்லாமல், திறந்து பார்க்க முடிகிறதா? பில் போடும் மென்பொருள் வாங்கும்போது நம்மில் பலர் விலையைக் கேட்கிறோம், பிரிண்டர் இலவசமா என்று கேட்கிறோம். இந்தக் கேள்வியை மட்டும் கேட்பதில்லை.

கணிப்பொறி எனக்குத் தொழிலன்று, பொழுதுபோக்கு. கடை அடைத்த பிறகு பழைய மென்பொருள்களைத் தேடிப் பிடித்து ஓட்டிப் பார்ப்பதும், கண்டதைக் குறித்து வைப்பதும் வழக்கம். அந்தக் குறிப்புகளில் நம் தொழிலுக்கு ஆகக்கூடிய சிலவற்றை இங்கே தருகிறேன்.

27,520 பைட்டில் ஒரு கணக்குப்பிள்ளை

1978ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டேன் பிரிக்ளின் என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். கரும்பலகையில் கட்டம் கட்டிப் போட்ட கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லா எண்களையும் அழித்து மறுபடி எழுத வேண்டியிருந்தது. ஒன்றை மாற்றினால் மற்றவை தாமே மாறும்படி ஒரு கணிப்பொறித் தாள் இருந்தால் என்ன என்று அவர் எண்ணினார். நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டனுடன் சேர்ந்து அதைச் செய்தும் முடித்தார். ‘விசிகால்க்’ என்ற பெயரில் 1979இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்காக அது விற்பனைக்கு வந்தது. இந்த ஒரு மென்பொருளுக்காகவே கணிப்பொறி வாங்கிய வணிகர்கள் அங்கே பலர்.

1981இல் ஐ.பி.எம். பி.சி.க்காக வந்த அதன் பதிப்பைப் பிரிக்ளின் தம்முடைய இணையத் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். அளவு வெறும் 27,520 பைட். நமக்கு வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படங்களில் பெரும்பாலானவை இதைவிடப் பெரியவை. பழைய டாஸ் மென்பொருள்களை ஓட்டுவதற்கென்றே ‘டாஸ்பாக்ஸ்’ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் இட்டால் இன்றைய கணிப்பொறியிலும் விசிகால்க் ஓடுகிறது. சரக்கு, அளவு, விலை, தொகை என்று நான்கு பத்தி போட்டால் கூட்டலும் பெருக்கலும் பிழையில்லாமல் வருகின்றன.

வியப்பு இருக்கட்டும். இந்தக் கதையின் பின்பகுதிதான் நமக்குப் பாடம். 1983இல் ‘லோட்டஸ் 1-2-3’ வந்தது. விசிகால்க்கின் சந்தை சரிந்தது. பிறகு மைக்ரோசாஃப்டின் ‘எக்செல்’ வந்தது. லோட்டஸ் சரிந்தது. ஒரு காலத்தில் அலுவலகம்தோறும் இருந்த லோட்டஸ் 1-2-3இன் விற்பனையை அதன் உரிமையாளரான ஐ.பி.எம். 2013இல் நிறுத்தியது. அடுத்த ஆண்டு அதற்கான உதவியும் நின்றது. லோட்டஸ் கோப்புகளைத் திறக்கும் வசதியை எக்செல் தனது 2007ஆம் பதிப்போடு கைவிட்டுவிட்டது. ஆனால் ‘லிப்ரெஆஃபீஸ்’ என்ற இலவச மென்பொருள் அவற்றை இன்றும் திறக்கிறது.

உலகம் முழுவதும் கொடிகட்டிப் பறந்த மென்பொருளுக்கே இந்த நிலை என்றால், நம் ஊரில் ஒருவர் எழுதி நூறு கடைக்கு விற்ற பில்லிங் மென்பொருள் எத்தனை ஆண்டு நிற்கும்? மென்பொருள் நாளைக்கு மாறலாம். கணக்கு நிற்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிப்போடுவது ஆபத்து.

எழுத்தும் பூட்டாகலாம்

பூட்டு என்பது கடவுச்சொல் மட்டுமன்று. தமிழ் எழுத்தே ஒரு காலத்தில் பூட்டாக இருந்தது. 1990களில் தமிழ் மென்பொருள் செய்த ஒவ்வொருவரும் எழுத்துகளுக்குத் தத்தம் விருப்பப்படி எண் கொடுத்தனர. ஒருவரது எழுத்துருவில் தட்டச்சு செய்ததை இன்னொருவரது எழுத்துருவில் திறந்தால் புரியாத குறிகளே தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ் 99 விசைப்பலகையும், ‘டாம்’, ‘டாப்’ என்ற இரு குறியீட்டு முறைகளும் வந்தன. பின்னர் உலகப் பொதுமுறையான யூனிகோடு நிலைபெற்றது. தமிழக அரசும் 2010இல் அதை ஏற்றுக்கொண்டது.

இதனால் மளிகைக் கடைக்கு என்ன என்று கேட்கலாம். உங்கள் மென்பொருளில் ‘துவரம் பருப்பு’ என்று இருக்கும் பெயரை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். அங்கும் ‘துவரம் பருப்பு’ என்றே வந்தால் அது யூனிகோடு. கவலையில்லை. புரியாத ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தால், உங்கள் இரண்டாயிரம் சரக்குப் பெயர்களும் அந்த ஒரு மென்பொருளை விட்டு வெளியே வர முடியாமல் அடைபட்டுக் கிடக்கின்றன என்று பொருள்.

சரக்குப் பட்டியலில் பார்கோடு எண்ணையும் சேர்த்து வைப்பது இதற்குத் துணை செய்யும். 890 என்று தொடங்கும் 13 இலக்க எண், இந்திய ஜி.எஸ்.1 அமைப்பின் வழியாக நிறுவனங்கள் பெறுவது. பொருள் இந்தியாவில் செய்யப்பட்டது என்பதற்கு அது சான்றன்று. ஆனால் எந்த மென்பொருளுக்குப் போனாலும் அந்த எண் மாறாது. நாமே எடைபோட்டுப் பொட்டலம் கட்டும் பருப்பு, மிளகு போன்றவற்றுக்குக் கடைக்குள் மட்டும் பயன்படுத்த 20 முதல் 29 வரையில் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. மென்பொருள்காரர் தமக்குத் தோன்றியபடி தரும் எண்ணைவிட இந்த முறையைப் பின்பற்றுவது பிற்காலத்துக்கு நல்லது.

சட்டம் யாரைக் கேட்கும்?

2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவு, பதிவு பெற்ற வணிகர் ஓராண்டுக் கணக்கை, அந்த ஆண்டுக்குரிய ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. 2023-24ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கடைசி நாள் 2024 டிசம்பர் 31. எனவே 2030 டிசம்பர் 31 வரை அந்தக் கணக்கு நம்மிடம் இருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ இருந்தால் இன்னும் கூடுதல் காலம் ஆகலாம்.

ஜி.எஸ்.டி. விதிகளில் 57ஆம் விதி இன்னும் தெளிவானது. கணிப்பொறியில் கணக்கு வைப்பவர் முறையான மறுபிரதி வைத்திருக்க வேண்டும். விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அழிந்தாலும் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி அது இருக்க வேண்டும். அதிகாரி கேட்டால் காகிதத்திலோ கணிப்பொறியில் படிக்கத்தக்க வடிவிலோ தர வேண்டும். கோப்பின் கடவுச்சொல்லையும் குறியீடுகளுக்கான விளக்கத்தையும்கூடக் கேட்டால் தர வேண்டும்.

இந்தப் பொறுப்பு முழுவதும் வணிகரின் தலையில் இருக்கிறது. மென்பொருள் விற்றவர் தலையில் இல்லை. ‘விற்றவர் போனை எடுக்கவில்லை’, ‘லைசென்ஸ் முடிந்துவிட்டது, திறக்கவில்லை’ என்று நாம் அதிகாரி முன்னால் நின்று சொன்னால் அது பதிலாகாது.

செய்ய வேண்டியவை

முதலாவது, கணக்கை வெளியே எடுத்துப் பார்ப்பது. எல்லா நல்ல மென்பொருளிலும் ‘எக்ஸ்போர்ட்’ என்ற வசதி இருக்கும். அதில் சி.எஸ்.வி. என்ற வடிவம் உண்டா என்று பாருங்கள். இது வேறொன்றுமில்லை, ஒவ்வொரு வரியிலும் விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து வைத்த வெறும் எழுத்துக் கோப்பு. எந்தக் கணிப்பொறியிலும் எந்த மென்பொருளும் இதைத் திறக்கும். சரக்குப் பட்டியல், கையிருப்பு, வாடிக்கையாளர் நிலுவை, கொள்முதல், விற்பனை ஆகிய ஐந்தையும் மாதம் ஒருமுறை இவ்வாறு எடுத்து, அந்த மென்பொருள் இல்லாத வேறொரு கணிப்பொறியில் திறந்து, கூட்டுத் தொகை ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். திறந்து பார்க்காத மறுபிரதி, எண்ணிப் பார்க்காமல் வாங்கிய பணக்கட்டு போன்றது.

இரண்டாவது, மறுபிரதி கடைக்குள்ளேயே இருக்கக் கூடாது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிலும் வந்த வெள்ளம் நமக்குத் தெரியும். கணிப்பொறியும் அதன் பக்கத்து மேசை இழுப்பறையில் உள்ள பென் டிரைவும் ஒரே தண்ணீரில்தான் மூழ்கும். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். பென் டிரைவை எப்போதும் கணிப்பொறியில் செருகியே வைத்திருப்பதும் தவறு. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய ‘வான்னாக்ரை’ போன்ற நச்சு நிரல்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பவை. அந்த நேரத்தில் செருகியிருக்கும் பென் டிரைவும் பூட்டப்படலாம். வான்னாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு முந்தைய மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள்.

மூன்றாவது, சாவி முதலாளியிடம் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. தளத்தின் கடவுச்சொல், மென்பொருளின் தலைமைக் கடவுச்சொல், ஓ.டி.பி. வரும் கைப்பேசி எண், மின்னஞ்சல் ஆகிய நான்கும் கடை உரிமையாளர் பெயரில் இருக்கட்டும். கணக்கு எழுதும் தம்பி நல்லவராகவே இருப்பார். ஆனால் அவர் நாளைக்கு வேறு ஊருக்கு வேலைக்குப் போனால் ஓ.டி.பி.யும் அவரோடு போய்விடும்.

விற்பவருக்கும் நியாயம் உண்டு

மென்பொருள் விற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களும் நம்மைப் போல் தொழில் நடத்துபவர்கள். வரி விகிதம் மாறும்போது திருத்தித் தருகிறார்கள். கூட்ட நேரத்தில் பிரிண்டர் நின்றால் ஓடி வருகிறார்கள். அந்த உழைப்புக்கு ஆண்டுக் கட்டணம் கேட்பது முறைதான். எல்லாவற்றையும் இலவச மென்பொருளில் செய்துகொள்ளலாம் என்றும் சொல்ல மாட்டேன். லிப்ரெஆஃபீஸில் நிலுவைப் பட்டியலும் விலைப் பட்டியலும் நன்றாக வைக்கலாம். இரட்டைப் பதிவு முறையில் பேரேடு எழுத ‘க்னுகேஷ்’ என்ற மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் மாலை நேரக் கூட்டத்தில் விரைந்து பில் போட விலைகொடுத்து வாங்கிய மென்பொருளே பல கடைகளுக்கு வசதி.

கட்டணம் நின்றால் புதிய பில் போடும் வசதியை நிறுத்தட்டும். அதில் நியாயம் உண்டு. பழைய கணக்கையும் சேர்த்துப் பூட்டுவது நியாயமாகாது. குடோன் வாடகை பாக்கி என்றால் வாடகையைக் கேட்கலாம். நம் பேரேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்தக் குடோன்காரருக்கும் நாம் உரிமை கொடுத்ததில்லை.

தனி ஒரு கடைக்காரர் இதைக் கேட்டால் விற்பவர் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு சங்கத்தின் நூறு கடைகள் சேர்ந்து கேட்டால் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் உறுப்பினர்களுக்கு விற்க வரும் மென்பொருள்காரரிடம் இரண்டே நிபந்தனைகளை எழுத்தில் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. வாடிக்கையாளரின் முழுக் கணக்கையும் எப்போது வேண்டுமானாலும் சி.எஸ்.வி. வடிவில் எடுத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். ஆண்டுக் கட்டணம் நின்ற பிறகும் அந்த வழி அடைபடக் கூடாது. இதற்கு ஒப்புக்கொள்பவர்களின் பட்டியலைச் சங்க அலுவலகத்தில் ஒட்டி வைத்தால் போதும், மற்றவர்கள் தாமே வழிக்கு வருவார்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டங்களில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசும்படி சங்கப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன், இந்த வாரமே, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் நிலுவைப் பட்டியலை ஒருமுறை வெளியே எடுத்துப் பார்க்கட்டும். வந்தால் மகிழ்ச்சி. வராவிட்டால், அதைக் கேட்டு வாங்க வேண்டிய நேரம் இதுதான்.