தோற்கும் நாளிலும் போய் உட்காருவோம்

சேப்பாக்கத்தில் ஐபிஎல் என்றால் டிக்கெட்டுக்கு அடிதடி. சில கிலோமீட்டர் தள்ளி, நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்சி ஆடும் பல ஆட்டங்களில் இருக்கைகள் காலி. 2015லும் 2018லும் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற அணி இது. தோற்கத் தொடங்கியதும் நமக்கு வேறு வேலை வந்துவிடுகிறது.

ரசிகர்களின் கடன் அணி முதலாளிகளுக்கு அல்ல. வியாசர்பாடியில் பந்து உதைத்து வளர்ந்து, இந்த அணியின் நடுக்களத்தில் ஆடிய தனபால் கணேஷுக்கும், அவர் வழியில் அங்கே இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கும்தான். எந்த ஆட்டத்தைப் பார்க்கத் தகுந்தது என்கிறோம் என்பதிலும் சாதி இருக்கிறது.

2018இல் மும்பையில் இந்திய அணியின் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 2,569 பேர். கேப்டன் சுனில் சேத்ரி கெஞ்சிக் கேட்டார். அடுத்த ஆட்டத்துக்கு அரங்கம் நிறைந்தது. கெஞ்சினால்தான் வருவோமா தோழர்களே?

போவோம். போய் உட்கார்ந்து, உரக்கக் கேட்போம்: சேரிப் பிள்ளைகளுக்கு மைதானம் எங்கே?