முதல் கிணற்றின் நட்டம் யாருக்கு?

தேவகோட்டை, காரைக்குடிப் பக்கமிருந்து கொண்டுவிற்கப் போன நகரத்தார், சுமத்ராவின் மேடான் நகரிலும் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். நிலம், தோட்டம் என்று கண்ணால் பார்த்து மதிப்புப் போடக்கூடிய ஈட்டின் மேல் நடந்த தொழில் அது. இன்று அதே வட சுமத்ராவில் சாருல்லா புவிவெப்ப நிலையம் 330 மெகாவாட் திறனுடன் ஓடுகிறது. அதற்குப் போட்ட பணத்தின் ஈடு, தரைக்குக் கீழே கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் இருக்கிறது. கிணறு தோண்டும்வரை அதை யாரும் பார்க்க முடியாது.

சிக்கலே அதுதான். எரிமலைப் பாறைச் சூட்டில் கொதிக்கும் நிலத்தடி நீரை மேலே கொண்டுவந்து, நீராவியால் டர்பைனைச் சுழற்றி, நீரைத் திரும்பக் கீழேயே செலுத்துவது பழகிய தொழில்நுட்பம். ஆனால் கோடிக்கணக்கில் செலவழித்துத் தோண்டும் முதல் கிணற்றில் ஆவி கிடைக்காமலும் போகலாம். ஜாவாவின் கமோஜாங்கில் டச்சுக்காரர்கள் 1926-இலேயே துளையிட்டார்கள். வணிக உற்பத்தி தொடங்கியது 1983-இல். புவிவெப்ப மின்சாரத்தில் அமெரிக்காவுக்கு அடுத்த இடத்தில் இருக்கும் இந்தோனேசியா, தன் வளத்தில் பத்தில் ஒரு பங்கு அளவையே எட்டியிருக்கிறது. தனியார் தயங்கியதால், தேடுதல் கிணறுகளின் செலவை ஏற்க உலக வங்கி உதவியுடன் அரசே முன்வர வேண்டியதாயிற்று.

பண நட்டம் ஒரு பக்கம். ஊருக்கு வரும் நட்டத்தை யார் ஏற்பது?

2021 ஜனவரியில், வட சுமத்ராவின் சோரிக் மராபி திட்டத்தில் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கசிந்து ஐந்து பேர் இறந்தார்கள். பாலியின் பெடுகுல் மலையில் மக்கள் எதிர்ப்பால் திட்டமே நின்றுபோனது.

நம் நாட்டின் ஒரே உயிருள்ள எரிமலை அந்தமானின் பாரன் தீவில் இருக்கிறது. போர்ட் பிளேரிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில், ஆளில்லாத தீவு. அங்கே மின்சாரம் எடுத்து யாருக்குக் கொடுப்பது? ஆகவே கண்கள் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கின் மேல். கடல் மட்டத்துக்கு மேல் 4,400 மீட்டர் உயரத்தில் வெந்நீர் ஊற்றுகள் கொப்பளிக்கும் அந்த இடத்தில், ஒரு மெகாவாட் சோதனை நிலையம் அமைக்க ஓ.என்.ஜி.சி. 2021-இல் ஒப்பந்தம் போட்டது. 2022 ஆகஸ்டில் கிணற்றிலிருந்து பீறிட்ட திரவம் ஓடையில் கலந்து, வேலை நின்றது. சாங்பா மேய்ப்பர்களின் ஆடுகள் திரியும் பள்ளத்தாக்கு அது.

2025 செப்டம்பரில் வந்த தேசிய புவிவெப்பக் கொள்கை, கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணறுகளையும் இதற்குப் பயன்படுத்தலாம் என்கிறது. காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. தோண்டிய கிணறுகள் நிறைய. இங்கே எரிமலை இல்லை. பீறிடும் ஆவியை எதிர்பார்க்க முடியாது. ஆழத்துச் சுடுநீர் சிறு அளவு மின்சாரத்துக்கோ, மீன் உலர்த்தவோ உதவுமா என்று பார்க்கலாம்.

ஆனால் தேவகோட்டையிலிருந்து தொண்டிச் சாலையில் போனால் வழியெல்லாம் கண்மாய்ப் பாசனம். ரிக் வண்டியைக் கண்டால் ஊர்க்காரர் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். ராமநாதபுரம் மாவட்டத்தில் 20 ஹைட்ரோகார்பன் சோதனைக் கிணறுகளுக்கு 2025-இல் தந்த அனுமதியை, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறும்படி மாநில அரசே சொல்ல நேர்ந்தது.

எனவே புதுத் துளை எதுவும் வேண்டாம். பழைய கிணறுகளின் ஆழமும் வெப்பநிலையும் முதலில் தமிழில் வெளியாகட்டும். சோதனைச் செலவு மத்திய அரசுடையதாக இருக்கட்டும். கிராமசபை ஒப்பாத இடத்தில் வேலை கூடாது. சோதனைக்கு முன்னும் பின்னும் கண்மாய் நீரையும் குடிநீரையும் ஆய்வு செய்து, முடிவுகளை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும்.